சென்னை மார்கழி சீசன் பற்றி, பெரும்பாலான ரசிகர்கள் ஒத்துக்கொள்ளாத உங்கள் கருத்துகள் என்ன?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இதில் பாதியை வீட்டிலும் சபா வாசலிலும் சொல்லிச் சொல்லி சண்டையே வந்திருக்கிறது. பதினெட்டு வருஷமாக டிசம்பரில் கச்சேரி கேட்கப் போகிறேன். தாம்பரத்திலிருந்து ரயிலேறி, மாறி, மயிலாப்பூரில் இறங்கி நடக்கிற ஆள். முறையாகப் பாட்டு கற்றுக்கொண்டதில்லை, தாளம் போடத் தெரியும். என் தம்பி மிருதங்கம் வாசிக்கிறவன், அவனால்தான் இந்தப் பழக்கமே வந்தது. நான் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

முதல் கருத்து: தனி ஆவர்த்தனம் (பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கம், கடம் மாதிரி தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி, சுருக்கமாகத் ‘தனி’) ஆரம்பித்த பிறகு அரங்கக் கதவைத் திறக்கக் கூடாது.

சீசனில் எந்த சபாவில் உட்கார்ந்தாலும் இதைப் பார்க்கலாம். கச்சேரியின் பெரிய பாட்டான மெயின் உருப்படி முடியும், கல்பனாஸ்வரம் (அங்கேயே கற்பனையில் பாடுகிற ஸ்வரங்கள்) உச்சத்துக்குப் போய் எல்லாரும் கை தட்டுவார்கள், பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைப்பார், அந்த நொடியிலேயே நாற்காலிகள் மடங்குகிற சத்தம் படபடவென்று கேட்கும். சிலர் கேன்டீனுக்கு, சிலர் பாத்ரூமுக்கு, சிலர் அடுத்த சபாவில் ஆறரை மணிக் கச்சேரியைப் பிடிக்க. மேடையில் ஒருவர் இரண்டு மணி நேரமாக அடுத்தவர் பாட்டுக்கு வாசித்துவிட்டு, தன் பேச்சைப் பேசக் கிடைக்கிற பத்துப் பன்னிரண்டு நிமிடம் அது. அவர் முதல் சொல்லை வாசிக்கும்போது எதிரில் நூறு முதுகுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

தம்பியிடம் ஒரு முறை கேட்டேன், உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று. “தலையைத் தூக்கிப் பாக்காம வாசிக்கக் கத்துக்கிட்டேன் அக்கா” என்றான். இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை அவனுக்கு அப்போது. அன்றிலிருந்து யாராவது தனியில் எழுந்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைப்பதில்லை.

வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், குழந்தையோடு வந்தவர்கள் என்று நியாயமான காரணம் உள்ளவர்களை நான் சொல்லவில்லை. ஆனால் அரங்கில் எழுகிற எல்லாருக்குமா அப்படி அவசரம்? அவசரமாக இருந்தால் மெயினுக்கு முன்னால் சின்னதாக ஒரு உருப்படி வருமே, அப்போது போய்விட்டு வரலாம். எழுகிறவர்களில் பலருக்கு நிஜமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். தனியில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பாட்டுக்கு ராகம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தாளத்துக்கு ஆள் இல்லை.

எனவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டித் திருப்புவது இரண்டு முறை. இதை மட்டும் விடாமல் தொடையில் போட்டுக்கொண்டே இருங்கள். மிருதங்கமும் கடமும் (அல்லது கஞ்சிராவும்) முதலில் நீளமாக மாறி மாறி வாசிக்கும், பிறகு குறைப்பு வரும், அதாவது எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொருவர் முறையும் சுருங்கிக்கொண்டே போகும், கேள்வி பதில் மாதிரி. அப்புறம் இரண்டும் சேர்ந்து வேகமெடுத்து, முடிவை நோக்கிப் போகிற மோரா, கடைசியில் முடித்து வைக்கிற கோர்வை. அந்தக் கோர்வையை மூன்று தடவை வாசிப்பார்கள். மூன்றாவது தடவை முடிகிற இடமும் பாட்டின் வரி எடுக்கிற இடமும் (எடுப்பு) ஒன்றாக வந்து விழும், பாடகர் அங்கிருந்து வரியைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் கையில் தாளத்தை விடாமல் வைத்திருந்தால் அந்த இடம் வருவது இரண்டு ஆவர்த்தனத்துக்கு (இரண்டு தாளச் சுற்றுக்கு) முன்பே உடம்பில் தெரியும். மிஸ்ர சாபு தாளம் என்றால் ‘தகிட தகதிமி’ என்று ஏழு. இவ்வளவு தெரிந்தால் போதும், அடுத்த தனியில் நீங்களே எழமாட்டீர்கள்.

மியூசிக் அகாடமி கொடுக்கிற சங்கீத கலாநிதி பட்டம் 1942ல் வந்தது. மிருதங்கக்காரர் ஒருவருக்கு முதன்முதலில் அது போனது 1966ல், பாலக்காடு மணி ஐயருக்கு. இருபத்து நாலு வருஷம். பக்கவாத்தியம் என்ற பேரே அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது என்று தோன்றும். இன்றைய கச்சேரி வரிசைக்கு உருவம் கொடுத்தவர் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். வர்ணம், சில கிருதிகள், மெயின், தனி, பிறகு துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள். அந்த அமைப்பு அழகானதுதான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் மெயின் முடிந்ததும் தனி என்பதை மக்கள் இடைவேளையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றால், தனியைச் சில நாள் கச்சேரியின் நடுவிலேயே வைத்தால் என்ன? அப்படி வரிசையை மாற்றிப் பார்த்த பாடகர்கள் உண்டு, திட்டும் வாங்கினார்கள். நான் அவர்கள் பக்கம்.

இரண்டாவது கருத்துக்குத்தான் நண்பர்கள் அதிகம் எதிர்ப்பு சொல்வார்கள்: ஒரு சீசனில் ஆறு கச்சேரிக்கு மேல் கேட்காதீர்கள்.

நானும் ஒரு காலத்தில் நிகழ்ச்சி நிரலை நாளிதழிலிருந்து வெட்டி, மூன்று கலர் பேனாவில் கோடு போட்டு, காலையில் லெக்-டெம் (பாடிக் காட்டி விளக்குகிற உரை), மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஓடியவள். ஒரு நாள் ராத்திரி கடைசி ரயிலில் உட்கார்ந்து யோசிக்கிறேன், அன்று கேட்ட மூன்று கச்சேரியில் இரண்டில் கல்யாணி ராக ஆலாபனை (வார்த்தை இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) இருந்தது, எது யார் பாடியது என்று நினைவில்லை. எவ்வளவு பெரிய இழப்பு அது! ஒருவர் முப்பது வருஷம் பாடிப் பாடி ஒரு ராகத்தை ஒரு விதமாகக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைக்கிறார், அது என் காதில் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. மறுவருஷத்திலிருந்து குறைத்துவிட்டேன். இப்போது ஒரு கச்சேரி கேட்டால் மறுநாள் எங்கும் போவதில்லை, வேலை செய்யும்போது அது தானாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

பாடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே மாதத்தில் பத்துக்கும் மேல் கச்சேரி ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழிப் பனி, ஏசி அரங்கு, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு, மறுநாள் மறுபடி மேடை. மாதக் கடைசியில் தொண்டை கட்டிப் போய்ப் பாடுகிறவர்களை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ‘மார்கழியில்தான் சங்கீதம்’ என்று ஏதோ சாஸ்திரம் போலப் பேசுகிறார்கள். மார்கழிக்கு பஜனையும் திருப்பாவை திருவெம்பாவையும் உண்டு, சரி. சபா சீசனுக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது, அதிலிருந்து பிறந்ததுதான் 1928ல் தொடங்கிய மியூசிக் அகாடமி. அதையொட்டி மற்ற சபாக்களும் டிசம்பரைப் பிடித்துக்கொண்டன. ஆக, இது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு, மாற்றவும் நம்மால் முடியும். உங்களுக்குப் பிடித்த பாடகரை ஜூலையிலோ ஆகஸ்ட்டிலோ நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கில் கேட்டுப் பாருங்கள், அதே ஆள்தானா என்று இருக்கும்.

சரி, அந்த ஆறு கச்சேரியை எங்கே கேட்பது? மத்தியானத்தில். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இளம் கலைஞர்கள் பாடுவார்கள், பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, அரங்கில் முப்பது பேர் இருப்பார்கள், அதில் பத்துப் பேர் சொந்தக்காரர்கள். சாயங்காலம் பாடுகிற பெரியவர்களுக்கு இது இந்த மாதத்தின் எட்டாவது கச்சேரியாக இருக்கலாம். மத்தியானம் பாடுகிற பெண்ணுக்கு இந்த ஒன்றரை மணி நேரம்தான் வருஷம் முழுக்க. அவள் பல்லவியை எத்தனை முறை வீட்டில் பாடிப் பார்த்திருப்பாள் என்பது கேட்கும்போதே தெரியும். தப்பும் வரும், வரட்டும்.

ஆனால் ஒன்று, அந்த மத்தியானக் கச்சேரி இலவசமாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் சொன்னால் ‘பாட்டு ஏழைகளுக்கும் போய்ச் சேர வேண்டாமா’ என்று கேட்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அரங்கில் உட்காருகிற நம்மில் எத்தனை பேருக்கு ஐம்பது ரூபாய் கஷ்டம்? வெளியே கேன்டீனில் அதைவிட அதிகம் கொடுத்துத்தானே ரவா தோசையும் காபியும் சாப்பிடுகிறோம். டிக்கெட் இல்லையென்றால் செலவை யாரோ ஒருவர் ஏற்கிறார், பல இடங்களில் அது பாடுகிற பிள்ளையின் குடும்பம். என் சித்தப்பா பேத்திக்கு ஒரு சபாவில் ஸ்லாட் கேட்டபோது ‘ஸ்பான்சர் யாராவது இருக்காங்களா’ என்றுதான் முதல் கேள்வி வந்தது, எப்படிப் பாடுகிறாள் என்று இரண்டாவதாகக்கூடக் கேட்கவில்லை. அவர்களால் முடியவில்லை, விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் இப்போது பாடுவதையே நிறுத்திவிட்டாள். இதைத் தட்டச்சு செய்யும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கையிலிருந்து பணம் கொடுத்து மேடையேற வேண்டும் என்றால், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை எப்படி வரும்? எனவே எல்லாக் கச்சேரிக்கும் சின்னதாக ஒரு கட்டணம் வையுங்கள், அது முழுக்கக் கலைஞர்களுக்குப் போகட்டும். மாணவர்களுக்கு வேண்டுமானால் விலக்கு கொடுக்கலாம்.

நாகஸ்வரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழாத் தொடக்கத்தில் ‘மங்கள இசை’ என்று நாகஸ்வரமும் தவிலும் வைப்பார்கள். அப்போது நாற்காலி பாதி காலி, முன்வரிசையில் விருந்தினர்கள் ஒருவரையொருவர் வணங்கிக்கொண்டிருப்பார்கள், பின்னால் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மங்களம் என்ற மரியாதையைக் கொடுத்து, கேட்கிற காதைக் கொடுக்காமல் விட்டுவிட்டோம். ராகத்தை மணிக்கணக்கில் விரித்த மரபு அது, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகத்தைப் பற்றி இன்றைக்கும் பெரியவர்கள் பேசுகிறார்கள். வாய்ப்பாட்டுக்காரர்களே ஆலாபனையை நாகஸ்வரத்தைக் கேட்டுத்தான் பெருக்கிக்கொண்டார்கள். என் கருத்து, ஒவ்வொரு பெரிய சபாவும் சாயங்கால முதன்மை நேரத்தில் இரண்டு நாளாவது நாகஸ்வரத்துக்கு மூன்று மணி நேரம் கொடுக்க வேண்டும், முடிந்தால் திறந்த வெளியில். கூட்டம் குறையும் என்பார்கள். முதல் வருஷம் குறையட்டும்.

சத்தம். இருநூறு பேர் உட்காரும் அரங்குக்கு எதற்கு அவ்வளவு ஒலிபெருக்கி? மிருதங்கத்தின் தொப்பி (கனமாக ஒலிக்கிற இடது பக்கம்) நெஞ்சில் இடிக்கிறது, வயலின் கீச்சென்கிறது, பாடகர் ‘மானிட்டரில் இன்னும் கொஞ்சம்’ என்று கையைக் காட்டுகிறார், எல்லாரும் ஏற்றுகிறார்கள், யாரும் குறைப்பதில்லை. பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்கமாட்டேன் என்றே இருந்தார். முழுக்க மைக் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை, பெரிய அரங்கில் முடியாது. சின்ன அரங்குகளிலாவது முயன்று பார்க்கலாமே. தம்புரா காதில் விழுகிற அளவுக்கு அமைதி இருந்தால் நாமும் இருமலை அடக்கிக்கொண்டு உட்காருவோம்.

ராகத்தை அறிவித்துவிட்டுப் பாடலாம் என்பதும் என் கட்சி. ‘கண்டுபிடிக்கிறதுதானே சுகம்’ என்பவர்களுக்கு அது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை வந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு முன்னால் இரண்டு பேர் ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டு ராகங்களில் எது என்று ‘பைரவியா, மாஞ்சியா’ எனக் குசுகுசுவென்று பேசிக்கொண்டே ஆலாபனை முழுவதையும் கெடுக்கிறார்கள். ராகம், பாட்டு, இயற்றியவர், பொருள் என்ன என்று பாடகரே தமிழில் நாலு வரி சொன்னால் ஒரு நிமிடம்தான் ஆகும்.

அப்புறம், சீசன் என்றால் டி.டி.கே. சாலையும் மயிலாப்பூரும் தி.நகரும் மட்டும்தான் என்று இருக்காதீர்கள். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கம் விழா நடத்துகிறது, 1943ல் தொடங்கிய அமைப்பு. மற்ற இடங்களில் கடைசி இருபது நிமிடத்துக்குத் தள்ளப்படுகிற தமிழ்ப் பாட்டுகள் அங்கே கச்சேரியின் நடுவில் உட்காருகின்றன. ஓதுவார்களின் தேவாரம் கேட்கலாம், பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சி நடக்கும். மயிலாப்பூரில் ஒவ்வொரு நாளும் பார்க்கிற முகங்களில் ஒன்றைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. ரயிலில் கோட்டை வரை வந்தால் போதும்.

போன டிசம்பரில் ஒரு மத்தியானம் இரண்டு மணிக் கச்சேரி. பாடிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், மெயின் மிஸ்ர சாபுவில். தனி ஆரம்பித்தபோது எண்ணிப் பார்த்தேன், என்னைச் சேர்த்து பத்தொன்பது பேர். மிருதங்கப் பையன் தலையைத் தூக்காமல்தான் ஆரம்பித்தான். ஒருவரும் எழவில்லை. குறைப்பு வந்தபோது எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பாட்டி தொடையில் சரியாக ஏழு எண்ணிக்கையைப் போட்டுக்கொண்டிருந்தார். கோர்வை மூன்றாவது முறை வரும்போது அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்தான், எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைசி தா-வைக் கொண்டுவந்து எடுப்பில் வைத்தான்.