தண்ணியா போகுதுன்னு நிறுத்துற மாத்திரை குடுக்காதீங்க, முதல்ல ஒரு நோட்டு போடுங்க

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 39 வயசு, பெயின்டர். சாரத்துல இருந்து விழுந்து முதுகுத்தண்டுல டி5-ல (நெஞ்சுக்குப் பின்னாடி இருக்கற அஞ்சாவது எலும்பு) அடி, 8 மாசம் ஆச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள்ள வைக்கற மாத்திரை) வச்சு விரலால தூண்டி விட்டு மோஷன் எடுக்கறோம். முன்னாடி 40 நிமிஷத்துல முடிஞ்சிடும், இப்ப ஒன்றரை மணி நேரம் ஆகுது. பத்து நாளா நடுநடுவுல தண்ணியா கசியுது, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தும் நிக்கல. தூண்டும்போது தலை வலிக்குது, முகமெல்லாம் வேர்க்குதுங்கறார். ட்ரீட்மென்ட் சரியா போகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? - பெரம்பூர் வாசகி

பதில்: அம்மா, அந்த தலைவலியத்தான் முதல்ல பேசணும். டி6-லயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு கீழ குடல்லயோ மூத்திரப்பையிலயோ ஏதாவது உறுத்துனா பிபி சட்டுனு ஏறிடும், அதோட அறிகுறிதான் இந்த தலைவலியும் வேர்வையும். இவங்களுக்கு சாதாரண பிபியே, அதுல மேல் நம்பர், 90, 100-தான் இருக்கும், அதனால 130 காட்டினா "நார்மல்தானே"ன்னு விட்டுடாதீங்க, அவருக்கு அது ஜாஸ்தி. தலைவலி வந்த உடனே விரலை எடுத்துடுங்க, நிமிர்த்தி உக்கார வைங்க, இடுப்புல இறுக்கமா இருக்கறத தளர்த்துங்க, யூரின் டியூப் இருந்தா மடங்கியிருக்கான்னு பாருங்க. சில நிமிஷத்துல குறையலன்னா 108 கூப்பிடுங்க, யோசிக்காதீங்க.

அடுத்து அந்த தண்ணி. இது வயித்துப்போக்கு இல்லன்னுதான் எனக்குத் தோணுது. மேல மலம் இறுகி அடைச்சுக்கிட்டு இருக்கும், அதோட ஓரமா தண்ணி மட்டும் வழிஞ்சு வரும், பாக்கறவங்க லூஸ் மோஷன்னு நினைச்சு நிறுத்துற மாத்திரை குடுப்பாங்க, அது உள்ள இருக்கறத இன்னும் இறுக்கிடும். பாவம், நீங்க மட்டுமில்ல, நிறைய வீட்டுல இதான் நடக்குது. அந்த மாத்திரைய இன்னிக்கே நிறுத்திட்டு இந்த ரெண்டு நாளுக்குள்ள டாக்டர் வயித்த தொட்டு, கீழயும் பரிசோதிச்சு பாக்கணும், தேவைப்பட்டா எக்ஸ்ரே. அதுவரைக்கும் நீங்களா எனிமா குடுத்து அழுத்த வேண்டாம், அதுவே பிபிய ஏத்திடும். அடுத்த தடவ தூண்டறதுக்கு முன்னாடி மரத்துப்போற லிக்னோகெய்ன் ஜெல்லி தடவலாமான்னும் அங்கயே கேளுங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். வந்துச்சா வரலையான்னு மட்டும் பாத்தா பத்தாதுமா. 40 நிமிஷம் ஒன்றரை மணியானத நீங்க கவனிச்சீங்க பாருங்க, அதான் கண்காணிப்பு, அத எழுதி வச்சிருந்தா அடைப்பு ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சிருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க எப்ப முடிஞ்சுது, எவ்வளவு வந்துச்சு, ஆட்டுப்புழுக்கையா வாழைப்பழம் மாதிரியா தண்ணியா, நடுவுல கசிஞ்சுதா, ரத்தம், தலைவலி, அன்னிக்கு குடிச்ச தண்ணி, புது மாத்திரை ஏதாவது. இவருக்கு மெத்துனு உருவத்தோட வரணும், ஒரு மணி நேரத்துக்குள்ள முடியணும், நடுவுல கசியக்கூடாது, இதான் இலக்கு. (முதுகுத்தண்டோட அடிமுனையில நரம்பு அடிபட்டவங்களுக்கு கணக்கு வேற, அவங்களுக்கு தூண்டுனா வேலை செய்யாது, விரலால எடுத்துத்தான் விடணும், மலம் கொஞ்சம் கெட்டியா இருந்தாதான் நல்லது.)

எதையாவது மாத்தினா ஒரே நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, மாத்திட்டு குறைஞ்சது மூணு தடவ பாருங்க, உங்க கணக்குக்கு கிட்டத்தட்ட ஒரு வாரம். திங்கக்கிழமை இசப்கோல், செவ்வாய்க்கிழமை சிரப்னு போனா எது வேலை செஞ்சுதுன்னு யாருக்குமே தெரியாது. சாப்பிட்டு அரை மணிக்குள்ள, ஒவ்வொரு தடவையும் அதே நேரத்துல ஆரம்பிங்க, அப்பதான் குடல் தானா அசையும். விரலால ஒரு 15, 20 செகண்டு மெதுவா சுத்தி விட்டுட்டு, அஞ்சு பத்து நிமிஷம் விட்டு திரும்ப. மூத்திரப்பைக்கு குடுக்கற ஆக்ஸிபியூட்டினின், வலிக்கு ட்ராமடால், இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே மலத்த இறுக்கும், அத எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா அட்டைய கையோட எடுத்துட்டுப் போங்க. அடிக்கடி டியூப் போடணுமேன்னு தண்ணி குறைச்சிருக்காரான்னும் அவர்கிட்ட மெதுவா கேளுங்க, நிறைய பேர் சொல்லவே மாட்டாங்க.

வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, ரத்தம் தொடர்ந்து வந்தாலோ காத்திருக்காம எமர்ஜென்சிக்கு போயிடுங்க. இந்த அடைப்பு சரியானதும் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனைல காட்டுங்க, நோட்டும் கொண்டு போங்க. முதல் பக்கத்துல அவர் நல்லா இருக்கற நேரத்துல எடுத்த பிபிய பெருசா எழுதி வைங்க, 108-ல வர்றவங்களுக்கும் அத காட்டணும்.