‘தத்’ என்ற எபிரேயச் சொல்: சட்டமா, மதமா?

வணக்கம். இன்றைய எபிரேயத்தில் ‘மதம்’ எனப் பொருள்படும் ‘தத்’, விவிலியத்தின் எஸ்தர் நூலின் மொழிபெயர்ப்பில் ‘சட்டம்’ என்றிருப்பது பிழையா என்றும், வடமொழித் ‘தத்தம்’ அதற்கு உறவா என்றும் கேட்டிருந்தீர்கள்.

பிழையில்லை. யூதர்கள் பாரசீகப் பேரரசின் கீழ் வாழ்ந்த காலத்தில், சட்டத்தையும் அரச ஆணையையும் குறித்த ‘தாத’ என்ற பழம்பாரசீகச் சொல்லே எபிரேயத்தில் ‘தத்’ என வழங்கலாயிற்று. விருந்தில் எவரையும் குடிக்க வற்புறுத்தக் கூடாதென்ற அரண்மனை ஒழுங்கைச் சொல்லும் எஸ்தர் 1:8இலும் இதே சொல்தான் வருகிறது; அங்கே ‘மதம்’ என்று எழுதினால் நகைப்புக்கே இடமாகும். ஆனால் எஸ்ரா 7:26இல், எபிரேயத்தின் உறவு மொழியான அரமேயத்தில் அமைந்த பாரசீக அரச மடல், கடவுளின் சட்டத்தையும் மன்னனின் சட்டத்தையும் இச்சொல்லாலேயே அடுத்தடுத்துச் சுட்டுகிறது. பிற்காலப் பொருளுக்கான வழி அங்கேயே திறந்துவிட்டது என்பது என் கருத்து.

மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. 15ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் யோசேப்பு அல்போ, இயற்கைச் சட்டம், மனிதர் வகுத்த சட்டம், இறைச் சட்டம் ஆகிய மூன்றையுமே ‘தத்’ என்றுதான் வகைப்படுத்தினார். யூதத் திருமணத்தில் மணமகன் மோதிரம் அணிவிக்கும்போது சொல்லும் ‘மோசே, இஸ்ரயேல் ஆகியோரின் தத்தின்படி’ என்ற தொடரிலும் சட்டப்பொருளே மேலோங்கி நிற்கிறது.

‘தத்தம்’ என்பது கொடுத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பாரசீகத் ‘தாத’வோ வைத்தல், நிறுவுதல் என்னும் வேரைச் சேர்ந்தது. வடமொழியில் ‘தாது’தான் அதற்கு உறவு. இரு வேர்களும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றுவதால் இந்த மயக்கம் இயல்பே.