வாசகர் கேள்விகள்: சீரான நிலை எப்போது குலையும்?

கேள்வி: வேதிநாட்டத்துக்கான (செல்கள் தாமே சுரக்கும் வேதிப்பொருளை நோக்கி நகர்வதற்கான) கெல்லர்–செகல் மாதிரியை ஒரு பரிமாணத்தில் கணினியில் போடுகிறேன். ஈர்ப்புக் குணகம் 2, மற்ற குணகங்களும் சராசரிச் செல் அடர்த்தியும் 1, நீளம் 4. ஒரு ஐகன் மதிப்பு (சிறு கலக்கம் வளரும் அல்லது தேயும் வீதம்) பூச்சியமாக வருகிறது. நேரம் 5 வரை ஓட்டியும் செல்கள் திரளவில்லை. செல்கள் எங்கும் சமமாகப் பரவிய சீரான நிலை நிலையானதா? – முதுகலைக் கணித மாணவி, மேலூர்

பதில்: இல்லை, நிலையற்றது. அந்தப் பூச்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. 1970இல் எவலின் கெல்லரும் லீ செகலும் முன்வைத்த மாதிரியின் எளிய வடிவத்தில் செல் பிறப்பதில்லை, இறப்பதில்லை, எல்லையைத் தாண்டுவதுமில்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தில் நெரிசலா, ஆழ்வார்புரத்தில் நெரிசலா என்பதுதான் மாறும். மொத்தக் கூட்டம் அதேதான். மொத்தம் மாறாது என்பதைத்தான் பூச்சியம் காட்டுகிறது. சராசரி பூச்சியமான சிறு கலக்கங்களை மட்டும் சோதியுங்கள்.

கலக்கத்தைக் கொசைன் அலைகளாகப் பிரித்தால், ஒவ்வோர் அலைக்கும் ஒரு 2×2 அணி கிடைக்கும். அதன் மூலைவிட்டக் கூட்டல் (இரு ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை) எப்போதும் எதிர்மம். எனவே அணிக்கோவை (அவற்றின் பெருக்கம்) எதிர்மமானால் மட்டுமே அலை வளரும். அதாவது, ஈர்ப்பு × சுரப்பு × அடர்த்தி என்ற பெருக்கம், செல் விரவல் × (சிதைவு + வேதிப்பொருள் விரவல் × அலை எண்ணின் வர்க்கம்) என்பதை மிஞ்ச வேண்டும். விரவல் என்பது தானாகப் பரவுவது, சிதைவு என்பது வேதிப்பொருள் அழிவது. மிக நீண்ட அலைக்குத்தான் இது முதலில் நிறைவேறும். அதன் அலை எண் பை ÷ நீளம்.

உங்கள் கணக்கில் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 1.617. ஆகவே அலை வளரும். ஆனால் வளர்ச்சி வீதம் 0.10தான், 0.01 அளவுள்ள கலக்கம் 0.1 ஆகவே ஏறத்தாழ 23 நேர அலகு பிடிக்கும். நேரம் 5இல் நிறுத்தினால் என்ன தெரியும்? 100 வரையாவது ஓட்டுங்கள். தற்செயல் எண்களால் கலக்கியிருந்தால் முதல் அலைக்குக் கிடைத்த பங்கு சிறிதாக இருக்கும், இன்னும் தாமதமாகும். நீளத்தை 3 ஆக்கினால் வலப்பக்கம் 2.097, சீரான நிலை தாங்கும். எல்லைக்கோடு நீளம் = பை.

நீளம் 20 என்றால் முதல் ஆறு அலைகளும் வளரும். நான்காவதே வேகமானது, வீதம் 0.125. எனவே முதலில் பல குவியல்கள் எழும். அவை நெடுநேரம் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அதை நிலைத்த நிலை என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். மிக மெதுவாக ஒன்று மற்றொன்றில் கரையும், தனித்து நடுவில் நிற்கும் குவியலும் சுவரை நோக்கி நகரும். அடர்த்தி எங்காவது எதிர்மமானால் ஈர்ப்பு உறுப்புக்கு மைய வேறுபாட்டை (இருபுற மதிப்புகளையும் சமமாக எடுக்கும் முறையை) விட்டுவிட்டு, செல்கள் வரும் திசையிலிருந்து மதிப்பெடுக்கும் முறைக்கு மாறுங்கள். ஒவ்வொரு படியிலும் மொத்த நிறையை அச்சிட்டுப் பாருங்கள்.

கேள்வி: இதே மாதிரியை இரு பரிமாணத்தில் ஓட்டினால் குவியலின் உயரம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. நிரலில் பிழையா? – கல்லூரி ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: மாதிரியே அப்படித்தான். ஈர்ப்பு × சுரப்பு × மொத்த நிறை என்பதை இரு விரவல் குணகங்களாலும் வகுங்கள். விளிம்பு வழவழப்பான பரப்பில் விடை 4பைக்குக் கீழே இருந்தால் வெடிப்பு (உயரம் குறித்த நேரத்துக்குள் முடிவிலியாவது) வராது; வட்டத்தில் ஆரச்சமச்சீராக (மையத்தைச் சுற்றி எத்திசையிலும் ஒரேபோல்) தொடங்கினால் 8பை வரை பயமில்லை. அதற்கு மேலே போனால் கணிப்புக் கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். உச்சி ஏறத்தாழ நான்கு மடங்கானால், நிறை முழுதும் ஒரே கட்டத்தில் குவிகிறது என்று பொருள். அது உண்மையான வெடிப்பு.