கைப்பிடி கடையும்போது திருப்பிப் பிடிக்கவே வேண்டாம்

கேள்வி: என்னிடம் மேசை மேல் வைக்கும் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) இருக்கிறது. மெஷின் வைஸின் உடைந்த கைப்பிடிக்குப் பதிலாக ஒன்று கடைகிறேன். நீளம் 70 மி.மீ.; 18 மி.மீ. தடிமனிலிருந்து 12-க்குச் சரிகிறது; நுனியில் எம்8 (8 மி.மீ.) மரை. மறுமுனையை உருண்டையாகக் கடையத் திருப்பி மாட்டினால் ஜா (பிடிக்கும் தாடை) தடம் பதிகிறது, ஜாபும் (கடையும் துண்டும்) ஆடுகிறது. எப்படிப் பிடிப்பது?

பதில்: சரிவான பரப்பை ஜாவின் முன் விளிம்பு மட்டுமே தொடுகிறது. மொத்த இறுக்கமும் மூன்று புள்ளிகளில் இறங்குவதால்தான் தடம். அலுமினியத் தகடு சுற்றினால் தடம் குறையும், ஆட்டம் போகாது. த்ரீ ஜா சக்கில் (மூன்று தாடைகளால் துண்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதியில்) கழற்றி மாட்டினாலே 0.05 முதல் 0.1 மி.மீ. ஆடுவது சகஜம். ஆகவே முடித்த பக்கத்தை ஜாவில் கொடுக்காமலே வேலையை முடிக்க வேண்டும்.

20 மி.மீ. ராடில் 120 மி.மீ. வெட்டுங்கள். கைப்பிடிக்கு 70, மரைக்கு 12, வெட்டு வாய்க்கு 3, சக்குக்குள்ளும் அதன் முன்னும் சேர்த்து 30, மிச்சம் ஃபேசிங்குக்கு (முனை முகத்தைச் சமமாகக் கடைய). மரை முனை டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிரே உள்ள தாங்கி) பக்கம் வரட்டும். வெளியே நீட்டியிருப்பது விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். டெயில்ஸ்டாக்கிலிருந்து சென்டர் (முனையைத் தாங்கும் கூம்பு) கொடுக்காவிட்டால் அதிரும். அது உட்காரும் குழிக்கு 2 மி.மீ. சென்டர் டிரில் போதும். அதற்கு மேல் போனால் 8 மி.மீ. நுனியில் சுவர் மெலிந்துவிடும்.

நுனியை 7.9 மி.மீ.க்குக் கடைந்து, சரிவையும் முடியுங்கள். 50 மி.மீ. நீளச் சரிவு என்றால் காம்பவுண்ட் ஸ்லைடு (டூலைச் சாய்வாக நகர்த்தும் பகுதி) ஏறக்குறைய மூன்றரை டிகிரி. டை (வெளிமரை வெட்டும் கருவி) தோள் வரை, அதாவது மரை முடிந்து தடிமன் தொடங்கும் இடம் வரை, மரை வெட்டாது. அங்கே 2 மி.மீ. அகலத்தில், 6.3 மி.மீ. விட்டம் வரும்வரை காடி (பள்ளம்) போடுங்கள். பிறகு மோட்டாரை அணைத்து, சக்கைக் கையால் சுற்றி டை ஓட்டுங்கள்.

இப்போது சென்டரைத் திரும்பக் கொடுத்து, தடித்த முனைக்குப் பின்னால் பார்ட்டிங் டூலால் (துண்டிக்கும் டூலால்) 10 மி.மீ. விட்டம் வரை மட்டும் இறங்குங்கள். முழுக்க அறுக்கப் பார்த்தால் டூல் சிக்கும். சிறிய லேத்துக்கு அது தாங்காது. லேத்தை நிறுத்தி, சென்டரை விலக்கி, மீதியை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். லேத் படுக்கையின் (அடித்தளத்தின்) மேல் ஒரு பலகை வைக்க மறக்காதீர்கள்.

சக்கில் நிற்கும் துண்டைக் கழற்றாதீர்கள், அதுதான் உங்கள் பிடிப்பு. முகத்தை ஃபேஸ் செய்து, 6.8 மி.மீ. துளையிட்டு, எம்8 டேப் (உள்மரை வெட்டும் கருவி) ஓட்டி, வாயை லேசாகச் சரித்துவிடுங்கள். கைப்பிடியைத் தோள் முகத்தில் உட்காரும்வரை திருகினால் நேராக ஓடும். வெட்டு விசை வலது மரையை இறுக்கிக்கொண்டே போகும். இடையில் காகித வாஷர் ஒன்று போட்டால் பிறகு கழற்ற எளிது. லேத்தை எதிர்த்திசையில் மட்டும் ஓட்டாதீர்கள், கைப்பிடி கழன்று வரும். முனையை மெல்லிய வெட்டுகளாக உருட்டுங்கள்.

தடம் விழுந்த பழைய ஜாபையும் தூக்கிப் போட வேண்டாம். ஒரு துண்டு ராடில் இதே மாதிரி உள்மரை போட்ட பிடிப்பு செய்து மாட்டி, மெல்லிய அரம், பிறகு 240 எமரி. எமரியை விரலில் சுற்றிப் பிடிக்காதீர்கள்.