ஏரிக்கரை ஓட்டமும் படுத்தால் வந்த மூச்சுத்திணறலும்

லடாக்கின் ஏரிக்கரையில் இந்த ஆண்டும் ஓடப் போகலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய ஈசிஜியும் டிரெட்மில் சோதனையும் இயல்பாக இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நெடுந்தூரம் ஓடுபவருக்கு நாடித்துடிப்பு 48 இருப்பதில் வியப்பில்லை. தூக்கத்தில் மாரடைப்பு வந்துவிடுமோ என்று நீங்கள் கலங்குவதற்கு இந்த அறிக்கைகளில் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் கடிதத்தின் நடுவே, 'போன வருடம் அங்கே சளி பிடித்தது' என்று தொடங்கிச் சில வரிகளில் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

விமானத்தில் லே நகருக்குச் சென்று ஒரே ஓர் இரவு தங்கி, மறுநாளே சாங் லா கணவாயைக் கடந்து பாங்காங் ஏரிக்குப் போயிருக்கிறீர்கள். அடுத்த நாள் காலை ஏரிக்கரையின் மண்பாதையில் 12 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். எப்போதும் உங்களுக்குப் பின்னால் வரும் நண்பர் அன்று உங்களை முந்திச் சென்றிருக்கிறார். இரவில் வறட்டு இருமல், லேசான காய்ச்சல். படுத்தால் மூச்சு முட்டியதால், கூடாரத்தில் பைகளை அடுக்கி அவற்றில் சாய்ந்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். லேவுக்குத் திரும்பியதும் மருந்துக் கடையில் அசித்ரோமைசின் வாங்கி விழுங்க, இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்கிறீர்கள்.

அது சளி அல்ல. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், நீங்கள் எழுதியிருப்பது உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோயின் வரலாறு. மருத்துவர்கள் சுருக்கமாக ஹேப் என்பார்கள். பாங்காங் ஏறக்குறைய 4,250 மீட்டர் உயரத்திலும் லே 3,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உங்களைக் காப்பாற்றியது அந்த எழுநூற்றுச் சொச்சம் மீட்டர் இறக்கமே தவிர, மருத்துவரைக் கேட்காமல் வாங்கிய ஆன்டிபயாட்டிக் அல்ல. மாத்திரை வேலை செய்கிறது என்று நம்பி ஏரிக்கரையிலேயே இன்னோர் இரவு தங்கியிருந்தால், இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருப்பீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் இதை நிமோனியா என்றோ இதயச் செயலிழப்பு என்றோதான் எண்ணியிருந்தார்கள். 1960-இல் சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர், மலையில் பனிச்சறுக்கிய ஓர் இளைஞரைப் பற்றி எழுதிய பிறகுதான், இதயம் நன்றாக இருக்கும்போதே உயரத்தில் நுரையீரல் நீர் கோக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. 1962 போரையொட்டி அவசரமாக இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்ட நம் படைவீரர்கள் பலர் உயர நோய்களால் துன்புற்றார்கள். அவர்களை ஆராய்ந்து இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங் குழுவினர் வெளியிட்டவை இன்றும் படிக்கப்படுகின்றன. அந்த வீரர்கள் எல்லோரும் திடகாத்திரமானவர்கள். உங்கள் உடற்தகுதி இந்நோயிடமிருந்து உங்களைக் காக்காது. மாறாக, உயரம் பழகுமுன்னே வேகமாக ஓட உங்களால் முடிகிறது என்பதே ஆபத்தைக் கூட்டுகிறது.

ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வாய்க்காலின் பல மடைகளை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் அந்த இடத்தில் வரப்பு உடைவதுபோல, சுருங்காத பகுதிக்குள் இரத்தம் அழுத்தத்தோடு பாய்ந்து, நுண்குழாய்ச் சுவர்கள் வழியே நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. ஓட்டமும் குளிரும் அந்த அழுத்தத்தை மேலும் ஏற்றுகின்றன. உயரத்துக்குப் போன இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இது பெரும்பாலும் தலைகாட்டும்.

நீங்கள் மனத்தில் பதிக்க வேண்டிய அறிகுறி ஒன்றே ஒன்றுதான்: ஓட்டத்தை நிறுத்தி உட்கார்ந்த பிறகும் தணியாத மூச்சு. மேட்டில் ஓடும்போது அங்கே எவருக்கும் மூச்சு வாங்கும். நின்றால் சில நிமிடங்களில் அடங்கிவிட வேண்டும். பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தும் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு எடுக்காமல் சொல்ல முடியவில்லை என்றால், அல்லது படுத்தால் திணறுகிறது என்றால், அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும். 'காலையில் பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது; இரவில்தான் இது முற்றும். இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும்வரை காத்திருப்பவர்கள் மிகவும் தாமதித்தவர்கள். இதற்கும் முந்திய மெல்லிய எச்சரிக்கை, வழக்கத்துக்கு மாறாகக் கூட வருபவர்களைவிடப் பின்தங்குவது. உங்கள் நண்பர் முந்திச் சென்ற அந்தக் காலையே நோய் தொடங்கிவிட்டது.

நீங்கள் பட்டியலிட்ட மற்றவற்றைக் கவலையில்லாமல் ஒதுக்கலாம். தூக்கத்தில் மூச்சு சில நொடிகள் நின்று பிறகு வேகமாக வருவது அந்த உயரத்தில் ஆரோக்கியமானவர்களுக்கும் நிகழ்வது. விரல் நுனி மதமதப்பும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் மலைநோயைத் தடுக்க நீங்கள் விழுங்கிய டயமாக்ஸ் மாத்திரையின் விளைவுகள். காலையில் முகம் சற்று உப்பியிருந்தது உயரத்தில் பலருக்கு நேர்வதுதான். விரலில் மாட்டும் கருவி இரத்த ஆக்சிஜன் 84 சதவீதம் எனக் காட்டியதாகப் பதறியிருக்கிறீர்கள். அங்கே எண்பதுகளில் இருப்பது இயல்பு, விரல் சில்லிட்டிருந்தால் கருவி தவறாகவும் காட்டும். எண்ணைவிட உங்கள் மூச்சைக் கவனியுங்கள். கற்பூரத்தை முகர்வதால் ஆக்சிஜன் அதிகரிக்காது.

இணையத்தில் படித்துவிட்டு டெக்ஸாமெத்தசோன், சில்டெனாஃபில், நிஃபெடிபின் என்ற மூன்று மருந்துகளையும் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருப்பது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. டெக்ஸாமெத்தசோன் தலைவலியை மறைத்து, உடல் உயரத்துக்குப் பழகிவிட்டது என்று உங்களை ஏமாற்றும். டயமாக்ஸ் பொதுவான மலைநோயைத் தடுக்க உதவும். நுரையீரல் நீர்க்கோப்புக்கு அதை நம்பியிருக்க முடியாது. நிஃபெடிபின் உங்களைப் போல ஒருமுறை பாதிக்கப்பட்டவர்களுக்குத் தடுப்பாகக் கொடுக்கப்படுவது உண்மைதான். ஆனால் மெதுவாகக் கரையும் வகையை, உங்கள் இரத்த அழுத்தத்தைப் பார்த்து, மருத்துவர் எழுதித் தர வேண்டும். உடனே கரையும் காப்ஸ்யூல் இரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்கிவிடும். அந்த மூன்று பட்டைகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

இனி, இந்த ஆண்டுத் திட்டம். லேவில் இரண்டு இரவு, மூன்றாம் நாள் சோ மொரிரி ஏரி, நான்காம் நாள் கோர்சோக் கிராமத்திலிருந்து கரையோர ஓட்டம் என்பதற்கு நான் ஒப்புதல் தர மாட்டேன். அந்த ஏரி 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் அறுபது சதவீதம்கூட இராது. ஒருமுறை இந்நோய் வந்தவர்கள் அதே வேகத்தில் அந்த உயரத்தை எட்டினால், பாதிக்கு மேற்பட்டோருக்கு அது திரும்ப வருகிறது. அதைவிட என்னை உறுத்துவது அந்த இடத்தின் அமைப்பு. கோர்சோக்கில் மூச்சு முட்டினால், லே செல்லும் வழியில் ஏரியைவிட உயரமான நம்ஷாங் லா கணவாயை முதலில் ஏறிக் கடக்க வேண்டும். பிறகும் சிந்துவின் கரையோரம் பல மணி நேரப் பயணம் இருக்கிறது.

ஆகவே லேவில் நான்கு இரவாவது தங்குங்கள், ஓடாமல். அங்கிருந்து மேலே தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். ஏரிக்கரையில் முதல் இரண்டு நாள் நடை மட்டும். மூச்சு ஒழுங்காக இருந்தால் மூன்றாம் நாள் மெதுவாக ஓடிப் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு வண்டியும் ஓட்டுநரும் இரவிலும் உங்களோடு இருக்க வேண்டும். அந்த ஒற்றை அறிகுறியை உங்கள் நண்பரிடம் சொல்லி, அது தெரிந்தால் உங்களைக் கேட்காமலே வண்டியில் ஏற்றும் உரிமையையும் கொடுத்துவிடுங்கள். ஆக்சிஜன் குறைந்த மூளையின் முடிவை நம்ப முடியாது.

புறப்படுவதற்கு முன் எக்கோ சோதனை ஒன்று தேவை. நுரையீரல் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையும், இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவித் துளை ஏதும் உள்ளதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். லேவில் எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதையும் தேடி எடுத்து வையுங்கள். இவை கையில் வந்த பிறகு விமானச் சீட்டு வாங்கினால் போதும்.