உபாலிக்கு முன்னால் குனிந்தவர்கள்

ஐயா, வணக்கம். பௌத்தமும் சமணமும் வருணத்துக்கு எதிரான புரட்சிகள் என்றுதான் படித்திருக்கிறேன். நீங்களோ சென்ற கட்டுரையில் ‘வணிகர்கள் வளர்த்த சமயங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். புத்தரைச் சிறுமைப்படுத்துவதாகாதா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் முடித்தது என் தப்புதான். ஆனால் வணிகர் வளர்த்தது என்றால் அதில் என்ன இழிவு?

கொல்கத்தா அருங்காட்சியகத்தில் மத்திய இந்தியாவின் பர்ஹுத் என்ற ஊரில் இருந்த பழைய பௌத்தத் தூபியின் சிற்பங்கள் இருக்கின்றன. ஒரு வட்டத்துக்குள் மாட்டுவண்டி நிற்கிறது, காளைகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். ஆட்கள் தரையில் காசு பரப்புகிறார்கள். சாவத்தி நகரத்து அனாதபிண்டிகர் (பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அவர் ‘ஸெட்டி’, அதாவது பெருவணிகர்; நம் செட்டி நினைவுக்கு வரும்) ஜேத இளவரசனின் தோப்பைத் தரை மறையக் காசு விரித்து வாங்கி, புத்தருக்குக் கொடுத்த கதை. காசுகள் சதுரம். அக்காலத்து முத்திரைக் காசுகளில் பல அப்படித்தான். சிற்பி தன் மடியில் இருந்ததைத்தான் செதுக்கியிருக்கிறான்.

பௌதாயன தர்மசூத்திரம் என்ற வைதிக ஒழுக்க நூல் கடலோடுபவனைப் பதிதன், அதாவது சாதியிலிருந்து வீழ்ந்தவன், என்கிறது. வேள்வி மாட்டைக் கேட்கிறது. வண்டி இழுக்க வணிகனுக்கும் மாடு வேண்டும். கையில் பணம் இருந்தும் வருணத்தில் அவனுக்கு மூன்றாம் இடம்தான். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் புத்தர் திருவோட்டோடு வந்து நின்றார். சமணத்தில் இன்னும் நேரடி: உழுதால் புழு சாகும், அதனால் இல்லறத்தார் பலர் வணிகத்துக்குப் போனார்கள். நம் அழகர்மலைக் குகையில் சமணருக்குக் கொடுத்தவர்களாக உப்பு வணிகனும் பாணித (வெல்லப்பாகு) வணிகனும் அறுவை (துணி) வணிகனும் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள்.

சாதி விஷயத்தில் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. புத்தரின் குலமான சாக்கியரின் இளவரசர்கள் துறவேற்க வந்தபோது, தங்கள் நாவிதன் உபாலிக்கு முதலில் துறவு கொடுக்கச் சொன்னார்கள். பிக்குகளின் சங்கத்தில் முன்பு துறவேற்றவனைப் பின்பு துறவேற்றவன் வணங்க வேண்டும். நேற்றுவரை தலை மழித்தவன் காலில் தாங்கள் விழுந்தால்தான் சாக்கியச் செருக்கு அடங்கும் என்றார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். ராஜகிருகத்தில் கூடிய முதல் பௌத்தப் பேரவையில் விநயத்தை, அதாவது பிக்குகளின் ஒழுக்க விதிகளை, ஒப்பித்தவரும் அந்த உபாலியே.

ஆனால் அதே விநயம் கடன்காரனையும் அடிமையையும் அரசனின் படைவீரனையும் சேர்க்கக் கூடாது என்கிறது. படைவீரர்கள் ஓடிவந்து காவி உடுத்தியதும் முறையிட்டவர் மகத அரசர் பிம்பிசாரர். இலங்கையில் இன்றும் உபசம்பதை என்ற முழுத்துறவுச் சடங்கின்போது புதிய பிக்குவிடம் பாலியில் கேட்கிறார்கள்: ‘புஜிஸ்ஸோஸி? அனணோஸி? நஸி ராஜபடோ?’ நீ அடிமையில்லையே? கடனில்லையே? அரசனின் ஆளில்லையே?