சில்லின்மேல் சில்லு: வாசகர் கேள்வி

கேள்வி: கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்துள்ளேன். குவாண்டம் கணினிக்காக இரு சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும்போது, நாங்கள் பயன்படுத்தும் சால்டரிங் ஈயத்தை விட்டுவிட்டு இண்டியத்தை நாடுவது ஏன்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: கைத்தொழில் அறிவிலிருந்து பிறந்த இக்கேள்வி எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. இச்சில்லுகள் இயங்கும் கடுங்குளிரில் சால்டரிங் ஈயமும் மீக்கடத்தியாகும், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். சிக்கல் அதை உருக்கும் சூட்டில்தான் இருக்கிறது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த வழக்கமான கலவை உருகுவதற்கு 183 டிகிரி செல்சியஸ் வேண்டும். குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகான க்யூபிட்டின் உயிர்நாடி, ஜோசப்சன் சந்தி எனும் நுண்ணிய இணைப்பு. அதிலோ, இரு அலுமினியப் படலங்களுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு மட்டுமே இருப்பதால், சூடு பட்டு அது சற்றே மாறினாலும் க்யூபிட்டின் அதிர்வெண் திட்டமிட்ட அளவிலிருந்து விலகிவிடக்கூடும்.

இண்டியம் மிக மென்மையான உலோகம். அதன் மேற்பரப்பிலுள்ள ஆக்சைடைப் பிளாஸ்மாவால் (மின்னேற்றம் பெற்ற வாயுவால்) நீக்கிவிட்டு, நுண்ணிய இண்டியக் குமிழ்களை நேருக்கு நேர் வைத்து அழுத்தினால், உருக்காமலேயே அறை வெப்பநிலையில் அவை ஒட்டிக்கொள்கின்றன. 3.4 கெல்வினுக்கு (சுமார் −270 டிகிரி செல்சியஸ்) கீழே அதுவும் மீக்கடத்தியாகிவிடும். ஆனால் சில்லிலுள்ள அலுமினியத்தின்மீது நேரடியாக இட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கெடும். ஆகவே இடையில் டைட்டானியம் நைட்ரைடு போன்ற தடுப்புப் படலம் தேவை. 2019இல் கூகுள் அறிவித்த 53 க்யூபிட் சிகமோர் செயலியிலும் இரு சிலிக்கான் சில்லுகளை இணைத்தவை இண்டியக் குமிழ்களே.